விமானமே ஓட்டாதவர் ஃபிளைட் சிமுலேட்டர் எழுதலாமா?

அனுபவமுள்ள ஒரு பைலட் வேறு ரக விமானத்துக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புது விமானத்தை அவர் நிஜ வானத்தில் முதல்முறையாக ஓட்டும் நாளிலேயே, பின்னால் டிக்கெட் வாங்கிய பயணிகள் உட்கார்ந்திருக்கலாம். பதற வேண்டாம், பக்கத்து இருக்கையில் பயிற்சி கேப்டன் இருப்பார். ஆனால், அந்த விமானத்தைப் பற்றி அந்தப் பைலட்டின் கைகளுக்குத் தெரிந்தது எல்லாமே தரையில் நின்ற ஒரு பெட்டிக்குள் கற்றதுதான். இதற்கு 'ஜீரோ ஃபிளைட் டைம்' பயிற்சி என்று பெயர். ஆறு ஹைட்ராலிக் அல்லது மின்சாரக் கால்கள்மேல் ஆடும் அந்தப் பெட்டிக்குப் பெயர் ஃபுல் ஃபிளைட் சிமுலேட்டர். அதில் மிக உயர்ந்த தரம் 'லெவல் டி'.

அந்தப் பெட்டிக்குள் ஓடும் சாஃப்ட்வேரை எழுதியவர் விமானம் ஓட்டியவரா? ஓட்டியிருக்க வேண்டுமா?

ஐ.டி துறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பேங்கிங் ஆப் எழுதுபவர் பேங்க்கில் வேலை பார்த்திருக்கணுமா, ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் எழுதுபவருக்கு மருத்துவம் தெரிந்திருக்கணுமா என்று டீக்கடையில் நடக்கும் அதே விவாதம்தான். வித்தியாசம், தப்பு நடந்தால் என்ன ஆகும் என்பதில் இருக்கிறது.

ஆர்கன் தொழிற்சாலையில் பிறந்த விமானம்

முதலில் கொஞ்சம் பழைய கதை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்ற ஊர். அங்கே எட்வின் லிங்க் என்பவரின் அப்பா பியானோவும் ஆர்கனும் தயாரிக்கும் தொழிற்சாலை நடத்தினார். லிங்க்குக்கு விமானப் பித்து. 1920-லேயே விமானம் ஓட்டக் கற்கத் தொடங்கினார், ஆனால் வகுப்புக்கான செலவு கட்டுப்படியாகவில்லை. தரையிலேயே பழகினால் என்ன என்று யோசித்தவர், தனக்குத் தெரிந்த ஆர்கன் தொழில்நுட்பத்தைக் கையில் எடுத்தார். காற்று அடைக்கும் துருத்திகள், பம்புகள், வால்வுகள். இவற்றை வைத்து, ஸ்டிக்கை அசைத்தால் சாயும், நிமிரும், திரும்பும் ஒரு குட்டி விமானப் பெட்டியை 1929-ல் செய்து முடித்தார்.

விமானப் பள்ளிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. நிலைமையை மாற்றியது 1934. அந்த ஆண்டு அமெரிக்க அரசு, தபால் விமானச் சேவையைத் தனியாரிடமிருந்து எடுத்து ராணுவ விமானப் படையிடம் கொடுத்தது. இரவிலும் மூடுபனியிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத ராணுவப் பைலட்டுகள் சில வாரங்களிலேயே அடுத்தடுத்து விபத்தில் இறந்தார்கள். லிங்க்கைச் சந்திக்க நியூவார்க் விமான நிலையத்துக்கு ராணுவ அதிகாரிகள் வந்த அன்று வானிலை மோசம். இந்த நிலையில் அவர் எங்கே வரப்போகிறார் என்று அவர்கள் கிளம்பத் தயாரானபோது, பனிமூட்டத்துக்குள்ளிருந்து கருவிகளை மட்டும் நம்பித் தன் விமானத்தை இறக்கினார் லிங்க். ராணுவம் ஆறு பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் சுமார் 5 லட்சம் பேர் லிங்க் டிரெய்னரில் பழகிவிட்டார்கள்.

ஆக, உலகின் முதல் வெற்றிகரமான சிமுலேட்டரை உருவாக்கியவர் ஒரு பைலட். விவாதம் முடிந்ததா? இல்லை. அவர் பைலட்டாக இருந்ததால், எதைப் பழக வேண்டும் என்று தெரிந்தது. ஆர்கன் மெக்கானிக்காக இருந்ததால்தான் அதைச் செய்ய முடிந்தது.

பைலட்டை ஜெயித்த புரோகிராமர்

கம்ப்யூட்டர் காலத்திலும் தொடக்கம் இப்படித்தான். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக், கம்ப்யூட்டர் திரையில் பறத்தலைக் காட்டுவது பற்றி 1975-ல் ஆய்வேடு எழுதியவர். அவரும் விமானம் ஓட்டத் தெரிந்தவர். ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு அவர் எழுதிய, வெறும் கோடுகளால் ஆன சிமுலேட்டரின் வழித்தோன்றல்தான் 1982-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர். எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரை உருவாக்கிய ஆஸ்டின் மேயர், ஏரோஸ்பேஸ் இன்ஜினீயரிங் படித்தவர், பைலட்டும்கூட.

ஆனால் அதே 1982-ல் லாஸ் வேகாஸில் நடந்த ஒரு சம்பவம் கதையைத் திருப்பிப் போடுகிறது. ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்ற நிறுவனத்தின் கூட்டத்துக்காக அங்கே போன இரண்டு ஊழியர்கள், ஓட்டலில் இருந்த 'ரெட் பேரன்' என்ற ஆர்கேட் விமான கேமை ஆடினார்கள். ஒருவர் பில் ஸ்டீலி, அமெரிக்க விமானப் படையில் பைலட்டாக இருந்தவர். இன்னொருவர் சிட் மேயர், புரோகிராமர், விமானம் ஓட்டாதவர். ஸ்டீலி நல்ல ஸ்கோர் எடுத்தார். மேயர் அதைவிட இரண்டு மடங்கு எடுத்தார்! எப்படி என்று பைலட் கேட்டதற்கு, எதிரி விமானங்கள் எந்த வரிசையில் நகர்கின்றன என்று பார்த்து மனப்பாடம் செய்துவிட்டதாகச் சொன்னார் மேயர். இதைவிட நல்ல கேமை என்னால் எழுத முடியும் என்றும் சொன்னார். நீ எழுது, நான் விற்கிறேன் என்றார் ஸ்டீலி. அப்படிப் பிறந்ததுதான் மைக்ரோபுரோஸ் நிறுவனம். பின்னாளில் 'சிவிலைசேஷன்' கேமால் உலகப் புகழ்பெற்ற அதே சிட் மேயர்தான், 'எஃப்-15 ஸ்டிரைக் ஈகிள்' என்ற போர் விமான சிமுலேட்டரையும் எழுதினார்.

இந்த வரிசையில் சமீபத்திய உதாரணம், பிரான்ஸின் போர்டோ நகரில் உள்ள அசோபோ ஸ்டுடியோ. 2019-ல் வெளியான 'எ பிளேக் டேல்: இன்னசென்ஸ்' என்ற, இடைக்கால பிரான்ஸில் எலிக் கூட்டங்களுக்கு நடுவே தப்பி ஓடும் கேமை எடுத்தவர்கள் இவர்கள். அடுத்த ஆண்டே, 2020 ஆகஸ்ட்டில், பிங் மேப்ஸ் படங்களை வைத்து மொத்த பூமியையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்த புதிய மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் இவர்கள் கையிலிருந்து வந்தது. மீனம்பாக்கம் ஓடுபாதையிலிருந்து கிளம்பி மெரினாவைச் சுற்றிப் பார்க்க வைத்ததும் இந்த சாஃப்ட்வேர்தான்.

உள்ளே என்னதான் இருக்கிறது?

'சிமுலேட்டர் எழுதுவது' என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். உண்மையில் அது பல வேலைகளின் மூட்டை. ஜன்னலுக்கு வெளியே தெரியும் மேகமும் ஊரும் கிராஃபிக்ஸ் வேலை. அதற்கு பைலட் லைசென்ஸ் தேவையே இல்லை. எரிபொருள், ஹைட்ராலிக், மின்சாரம் போன்ற அமைப்புகளை எழுதுவதற்குத் தேவை, விமானத்தின் கையேடுகளைப் பொறுமையாகப் படிக்கும் குணம். சொல்லப்போனால், இந்த இடத்தில் பைலட்டைவிட விமானப் பராமரிப்பு இன்ஜினீயருக்கு அதிகம் தெரியும்.

சிக்கலான பகுதி 'ஃபிளைட் மாடல்'. ஸ்டிக்கை இவ்வளவு இழுத்தால், இந்த வேகத்தில், இந்த உயரத்தில் விமானம் என்ன செய்யும் என்று கணக்கிடும் பகுதி அது. இதை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, எக்ஸ்-பிளேன் வழி. இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின்மீதும் காற்று கொடுக்கும் விசையை விநாடிக்குப் பல முறை கணக்கிட்டுக் கூட்டுவது. விமானத்தின் வடிவம் தெரிந்தால் போதும், மீதியைக் கணக்கு பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று, லெவல் டி பெட்டிகளின் வழி. விமான நிறுவனம் காற்றுச் சுரங்கத்திலும் சோதனைப் பறத்தல்களிலும் அளந்த எண்களை அட்டவணைகளாகக் கொடுத்துவிடும். சாஃப்ட்வேர் அந்த அட்டவணையைப் பார்த்துப் பதில் சொல்லும். பிறகு, நிஜ விமானத்தில் பதிவான வரைபடத்தோடு சிமுலேட்டரின் வரைபடத்தைப் பொருத்திப் பார்ப்பார்கள். இந்தச் சோதனைத் தொகுப்புக்கு 'குவாலிஃபிகேஷன் டெஸ்ட் கைடு' என்று பெயர். இரண்டு கோடுகளும் அனுமதிக்கப்பட்ட இடைவெளிக்குள் இருந்தால் பாஸ்.

இந்த இரண்டாவது முறையில் எழுதுபவரின் அனுபவத்துக்கு வேலை குறைவு. நிஜ விமானத்தை ஒரு சோதனைப் பைலட் ஓட்டிவிட்டார், கருவிகள் அளந்துவிட்டன, கோடு கோட்டோடு பொருந்த வேண்டும். அவ்வளவுதான். அதனால்தான் காக்பிட்டில் உட்காராத இன்ஜினீயர்கள் பலர் தைரியமாக இந்தத் துறையில் வேலை பார்க்கிறார்கள். சரி, அளந்த எண்கள் இல்லாத இடத்தில்?

டேட்டா தீர்ந்துபோகும் இடம்

விமானத்தின் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால், இறக்கையின் மேல் ஓடும் காற்று பிரிந்துவிடும், தூக்கும் விசை சரியும். இதுதான் 'ஸ்டால்'. பயணிகள் விமானங்கள் சாதாரணமாக அங்கே போவதே இல்லை. அதனால் அங்கே அளந்த டேட்டாவும் குறைவு. பல ஆண்டுகளாக ஏர்லைன் சிமுலேட்டர்கள் ஸ்டாலின் வாசல்வரைதான் நம்பகமாக நடந்துகொண்டன. பயிற்சியும் வாசலோடு நின்றது. எச்சரிக்கை வந்ததும் மீண்டுவிட வேண்டும், உள்ளே போனால் எப்படி இருக்கும் என்பது பாடத்தில் இல்லை.

2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோ நகரை நெருங்கிக்கொண்டிருந்த கோல்கன் ஏர் 3407 விமானத்தின் வேகம் குறைந்தது, எச்சரிக்கையாக ஸ்டிக் அதிர்ந்தது. மூக்கைத் தாழ்த்த வேண்டிய கேப்டன், ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார். விமானம் ஸ்டாலுக்குள் போய் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. 50 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் தரையில் இருந்தவர். அதன்பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஏர்லைன் பைலட்டுகள் முழு ஸ்டாலையும் சிமுலேட்டரில் பழகியே ஆக வேண்டும் என்றது. 2019 மார்ச் முதல் அது கட்டாயம்.

இங்கேதான் நம் கேள்விக்குச் சட்டப்படியான பதிலே கிடைக்கிறது. சிமுலேட்டரில் முழு ஸ்டால் வேண்டும் என்றால் அதற்கு மாடல் வேண்டும். டேட்டா குறைவு. கணக்கு போட்டு ஊகிக்கலாம், ஆனால் ஊகம் சரியா என்று யார் சொல்வது? அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ, 2016-ல் மாற்றிய விதிகளில் இதற்கென்றே ஓர் ஆளைச் சேர்த்தது. 'சப்ஜெக்ட் மேட்டர் எக்ஸ்பர்ட்' பைலட். அந்த ரக விமானத்துக்கான தகுதி பெற்றவராக அவர் இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, அந்த வகை விமானத்தில் தன் கையால் ஸ்டாலுக்குக் கொண்டுபோய் மீட்ட அனுபவமும் வேண்டும். அவர் உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அந்த மாடல் பயிற்சிக்குப் போகும்.

கவனிங்க, கோடு எழுதுபவருக்கு அனுபவம் வேண்டும் என்று விதி கேட்கவில்லை. அதைப் பார்த்து 'இது இப்படி இருக்காது' என்று சொல்லும் அதிகாரம், அங்கே போய்வந்த ஒருவரிடம் இருக்க வேண்டும் என்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் மொத்த விவாதமும்.

அனுபவசாலிகளும் தப்பாகக் கற்றுக்கொடுத்தபோது

அப்படியானால் எல்லாவற்றையும் பைலட்டுகளிடமே விட்டுவிடலாமா? 2001 நவம்பர் 12-ஐப் பார்த்தால் அதற்கும் தயக்கம் வரும்.

நியூயார்க்கிலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, முன்னால் போன ஜம்போ ஜெட் விட்டுச்சென்ற காற்றுச் சுழலுக்குள் நுழைந்தது. இரண்டாம் பைலட் கால் பெடலால் ரடரை, அதாவது வாலில் நிமிர்ந்து நிற்கும் பகுதியின் அசையும் பலகையை, இடம் வலம் என்று மாறி மாறி முழு அளவுக்கு அழுத்தினார். சில விநாடிகளில் வாலே கழன்றுபோனது. விமானத்தில் இருந்த 260 பேரும் தரையில் 5 பேரும் இறந்தார்கள்.

சுழல் அவ்வளவு பெரிதல்ல. பிறகு ஏன் அவ்வளவு அழுத்தினார்? 2004-ல் முடிந்த விசாரணையில், அந்த ஏ300-600 விமானத்தின் ரடர் வடிவமைப்போடு சேர்த்து, ஏர்லைன் தானே உருவாக்கிய சிறப்புப் பயிற்சியையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். அந்தப் பயிற்சியின் சிமுலேட்டர் பாடம் ஒன்றில், சுழல் தாக்கியதும் விமானம் பயங்கரமாகச் சாயும். பைலட் எவ்வளவு திருப்பினாலும் சிறிது நேரத்துக்கு அது கேட்காது. காரணம், அந்த நேரத்துக்கு கன்ட்ரோலின் பலனை சாஃப்ட்வேர் முடக்கி வைத்திருந்தது. பெரிய சாய்விலிருந்து மீளப் பழக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால், பெட்டிக்குள் இருந்த பைலட்டின் மனதில் பதிந்திருக்கக்கூடியது வேறு. சுழல் என்றால் இவ்வளவு பயங்கரம், சாதாரணமாகத் திருப்பினால் போதாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிமுலேட்டரில் ரடரை எத்தனை முறை மிதித்தாலும் வால் உடைவதில்லை. டேட்டா இருக்கும் எல்லையைத் தாண்டி சிமுலேட்டரைப் பயன்படுத்துவது பற்றியும் ரடர் பயன்பாடு பற்றியும், ஏர்பஸ், போயிங், மெக்டனல் டக்ளஸ், எஃப்.ஏ.ஏ நான்கு தரப்பும் சேர்ந்து 1997-லேயே அந்த ஏர்லைனுக்குக் கடிதம் எழுதியிருந்தன. பறந்த அனுபவம் ஏராளமாக இருந்த இடத்தில் போதாமல்போனது, 'இந்தப் பெட்டி எந்த எல்லைவரை உண்மை சொல்கிறது' என்ற இன்ஜினீயரின் கேள்வி.

யாருமே சுற்றிப் பார்க்காத சக்கரம்

மூன்றாவது கதை போயிங் 737 மேக்ஸ். 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் லயன் ஏர் விபத்தில் 189 பேர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விபத்தில் 157 பேர். எம்கேஸ் என்ற சாஃப்ட்வேர் மூக்கைத் தானாகவே கீழே தள்ளியது பலருக்கும் தெரிந்த செய்தி. அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. எத்தியோப்பிய விமானத்தின் பைலட்டுகள் மின்சார டிரிம்மைத் துண்டித்துவிட்டு, இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் டிரிம் சக்கரத்தைக் கையால் சுற்ற முயன்றார்கள். முடியவில்லை. அந்த வேகத்தில் வாலின்மேல் காற்று கொடுக்கும் அழுத்தம் அத்தனை அதிகம்.

2019 மே மாதத்தில், மேக்ஸ் சிமுலேட்டர் சாஃப்ட்வேரில் குறை இருந்ததையும் அதைத் திருத்தியதையும் போயிங் ஒப்புக்கொண்டது. விபத்து விமானத்தில் இருந்தது போன்ற சில நிலைமைகளில் அந்தச் சக்கரம் எவ்வளவு இறுகும் என்பதை சிமுலேட்டர் சரியாகக் காட்டவில்லை.

வேதனை என்னவென்றால், இது யாருக்குமே தெரியாத ரகசியம் கிடையாது. பழைய 737-200 காலத்துக் கையேடுகளில், சக்கரம் இறுகினால் மூக்கைச் சற்றுத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைத்து, அந்த இடைவெளியில் சுற்றும் முறை எழுதப்பட்டிருந்தது. பிந்தைய கையேடுகளில் அது காணாமல்போனது. பைலட்டுகளின் கை மறந்தது, புத்தகம் மறந்தது, கடைசியில் சிமுலேட்டருக்கும் தெரியாமல்போனது. டெவலப்பர்களில் ஒருவர் லைசென்ஸ் வைத்திருந்தாலும் இது பிடிபட்டிருக்குமா என்பது சந்தேகமே. சாதாரணமாக விமானம் ஓட்டும் யாரும் அந்த வேகத்தில் அந்தச் சக்கரத்தைச் சுற்ற வேண்டி வருவதில்லை. 'பத்தாயிரம் மணி நேரம் பறந்தவர்' என்ற அறிமுகத்தைக் கேட்டு அசந்துவிடாமல், அந்தப் பத்தாயிரத்தில் இந்தக் குறிப்பிட்ட மூலைக்கு எத்தனை நிமிடம் போயிருக்கிறார் என்று கேட்பது நல்லது. எஃப்.ஏ.ஏ-வின் ஸ்டால் விதி கேட்பதும் அதைத்தான்.

அப்போ, கோடிங் மட்டும் தெரிந்தவருக்கு இடமுண்டா?

தாராளமாக உண்டு. கேம் மட்டும்தான் என்றால் கேள்வியே எழாது. தப்பு இருந்தால் ரசிகர்கள் திட்டுவார்கள், அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும். ஆனால் கேமுக்கும் பயிற்சிக்கும் நடுவிலிருந்த சுவர் இப்போது மெலிந்துவிட்டது. எக்ஸ்-பிளேன் போன்ற சாஃப்ட்வேரை, அங்கீகரிக்கப்பட்ட கன்ட்ரோல்களோடு சேர்த்துப் பயிற்சிக் கருவியாக அமெரிக்காவில் பயன்படுத்தலாம். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதிக்கு, அடிப்படைக் கருவியில் 10 மணி நேரம்வரையும், மேம்பட்ட கருவியில் 20 மணி நேரம்வரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. வீட்டு மேசையில் தொடங்கிய சாஃப்ட்வேரின் தப்பு இப்போது ஒருவரின் கைப்பழக்கமாக மாறக்கூடும்.

நல்ல குழுக்கள் இதற்கு ஏற்கெனவே ஒரு வழி வைத்திருக்கின்றன. 2020-ல் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரோடு வந்த ஏ320 விமானம் அரைகுறையாக இருக்கிறது என்று குறைப்பட்டவர்கள் சிலர், 'ஃபிளை-பை-வயர்' என்ற தன்னார்வக் குழுவாகச் சேர்ந்தார்கள். அவர்கள் இலவசமாக வெளியிட்ட ஏ32என்எக்ஸ், ஓப்பன் சோர்ஸ். புரோகிராமர்கள், விமானம் ஓட்டுபவர்கள், வெறும் ஆர்வலர்கள் எல்லோரும் அதில் உண்டு. கோடு எழுதுபவர் ஒருவர், காக்பிட்டை அறிந்தவர் இன்னொருவர், இருவரும் ஒரே பிழைப் பட்டியலைப் பார்க்கிறார்கள். ஸ்டீலியும் மேயரும் 1982-ல் பிரித்துக்கொண்ட அதே வேலைப் பிரிவினைதான்.

ஆனால் அந்த ஏற்பாடு வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது. பைலட் 'ஏதோ சரியில்லை, கனமா இருக்கு' என்று சொல்லும்போது, அதை எந்த எண்ணாக மாற்றுவது என்று புரோகிராமருக்குத் தெரிய வேண்டும். ஸ்டிக்கின் விசையா, திரையின் தாமதமா, இன்ஜினின் வேகமா? ஒரே புகாருக்குப் பத்துக் காரணங்கள் இருக்கலாம். அதைப் பிரித்தறிய லைசென்ஸ் அவசியமில்லை. ஆனால் பயிற்சி விமானத்தில் சில மணி நேரமாவது உட்கார்ந்து பார்த்தவருக்கு, 'கனமா இருக்கு' என்ற சொல் வேறு மாதிரி கேட்கும்.

மேக்ஸ் மீண்டும் பறக்க 2020 நவம்பரில் எஃப்.ஏ.ஏ அனுமதி கொடுத்தபோது, ஒவ்வொரு மேக்ஸ் பைலட்டும் முதலில் சிமுலேட்டரில் உட்கார வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அந்தப் பாடத்தில், டிரிம் சக்கரத்தைக் கையால் சுற்றுவதும் ஒன்று.